சூடு தெரியாத கை

ஜீப்பின் பின்பக்கத்தில் பூமாரியைக் கிடத்திக் கம்பளியால் சுற்றியாகிவிட்டது. டிரைவர் பரீது இரண்டாம் தடவையாக ஹாரன் அடித்தான். அப்போதுதான் அவள் கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டிப் புருஷனின் சட்டையைப் பிடித்தாள். விடியற்காலையில் பிள்ளை பிறந்ததிலிருந்து அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தது. ஆனால் பிடி என்னவோ உடும்புப்பிடி.

“ஏங்க, போன தடவ மாதிரி விட்டுறாதீக. இது குளுந்துறக் கூடாது. என்னங்க, கேக்குதா?”

“கேக்குது புள்ள. நீ தெம்பாப் போயிட்டு வா,” என்றான் பொன்ராஜ்.

“சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினான். அதற்கப்புறம்தான் சட்டையை விட்டாள். ஜீப் தேயிலைக் காட்டுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கி, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் பள்ளிவாசல் ஊர் வழியாகப் போகிற ரோட்டில் மறைந்தது.

போன தடவை என்று அவள் சொன்னது இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. கதையென்ன கதை, நாலே நாள் ஆயுசு. இதே தை மாதம், இதே லயத்து வரிசை வீட்டில், இதே அறையில் ஒரு பையன் பிறந்தான். நாலாம் நாள் காலையில் பால் கொடுக்க எடுத்தால் விறைத்துக் கிடக்கிறான். நோய் கிடையாது, நொடி கிடையாது. குளிர்தான் கொண்டுபோனது. தேவிகுளத்துக்கு மேலே அந்த எஸ்டேட்டில் தை மாதக் குளிர் என்றால், ஏதோ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற குளிர் என்று நினைத்துவிட வேண்டாம். விடியும்போது தேயிலைச் செடியெல்லாம் உப்புத் தூவினது போல உறைபனி பிடித்து நிற்கும். வெயில் பட்டதும் கொழுந்து கருகிவிடும். செடிக்கே அந்தக் கதியென்றால், தகரக் கூரைக்கடியில் கிடக்கிற பச்சை மண்ணுக்கு என்ன கதி?

இந்தத் தடவை பெண். அதுவும் ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டாள். பொன்ராஜின் உள்ளங்கையில் தலையை வைத்தால் கால் முழங்கைக்கு எட்டவில்லை. அழக்கூடத் தெம்பில்லை, எப்போதாவது ஒரு முனகல், அவ்வளவுதான். அவளையும் ஜீப்பில் ஏற்றச் சொல்லிப் பொன்ராஜ் கெஞ்சோ கெஞ்சென்று கெஞ்சினான். எஸ்டேட் டிஸ்பென்சரியின் கம்பவுண்டர் வேதமுத்து முடியவே முடியாது என்று நின்றார்.

“தொறந்த ஜீப்புலே! இந்தக் காத்துல ஆறு மணிக்கூறு போனா உம்பிள்ள பள்ளிவாசலத் தாண்டாது. தாய்க்கு வேண்டியது ரத்தம், அது நம்மகிட்ட இல்ல. பிள்ளைக்கு வேண்டியது சூடு, அத நாம இங்க வச்சுக் குடுக்கலாம். கொஞ்சம் தேறட்டும், நானே கீழ கொண்டுபோறேன்.”

வேதமுத்துவுக்கு வாய்தான் கரடுமுரடு. ஆள் தங்கம். டிஸ்பென்சரி அலமாரியிலிருந்து ஒரு சிவப்பு ரப்பர் பையை எடுத்து வந்தார். வெந்நீர் ஊற்றி மூடிப் படுக்கையில் வைத்துக்கொள்கிற பை. பழைய துரையின் சம்சாரம் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. எஸ்டேட்டிலேயே அது ஒன்றுதான். பொன்ராஜையும் பக்கத்து வீட்டுச் சுருளியம்மாளையும் எதிரே உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

“நல்லாக் கேட்டுக்கிடுங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்தப்படாது. ஊத்தினா ரப்பரும் போயிரும், பிள்ளையும் வெந்துரும். எறக்கி வச்சு ஆறவிட்டு, கை பொறுக்குற சூட்டுல ஊத்தணும். முக்காப் பைக்கு மேல வேண்டாம். பைய அமுக்கி உள்ள இருக்குற காத்த வெளியேத்திட்டு மூடிய இறுக்கணும். தலைகீழாப் பிடிச்சு ஒலுக்கணும், ஒரு சொட்டு ஒழுகினாலும் வைக்காத. துணி ரெண்டு சுத்து. பிள்ளைக்கு மேல வைக்கப்படாது, பக்கத்துல, ஒரு கை எடம் விட்டு. ரெண்டு மணிக்கூறுக்கு ஒருக்க மாத்தணும். எங்கலே, திருப்பிச் சொல்லு பாப்போம்.”

பொன்ராஜ் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னான். கை பொறுக்கிற சூடு என்பதையும் சேர்த்துத்தான் சொன்னான்.

பொன்ராஜின் கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தேயிலை ஃபாக்டரியில் தூளைக் காயவைக்கிற டிரையருக்கு அடுப்பு எரிப்பவன் அவன். பதினாறு வருஷமாக அதே அடுப்பு. விறகைத் தள்ளுவதும் கங்கைக் கிளறுவதும் சாம்பலை வாருவதுமாக உள்ளங்கை இரண்டும் காய்ந்த மாட்டுத்தோலாகிவிட்டன. தீக்கங்கை விரலால் எடுத்துப் பீடி பற்றவைப்பான். அதை வேடிக்கை பார்க்கவே ஃபாக்டரியில் ஆள் கூடும். அவனுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், இல்லையென்று சொல்ல முடியாது. அந்தக் கையை அன்றைக்கு யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. வேதமுத்துவும் நினைக்கவில்லை, சுருளியம்மாளும் நினைக்கவில்லை, கைக்குச் சொந்தக்காரனும் நினைக்கவில்லை.

முதல் நாள் சுருளியம்மாள் வேலைக்குப் போகாமல் கூடவே இருந்தாள். தண்ணீர் வைத்தவள், பை நிறைத்தவள், துணி சுற்றினவள் எல்லாம் அவளே. நாலாவது வீட்டுச் சாந்தம்மாளுக்குக் கைப்பிள்ளை இருந்ததால் அவள் காலையிலும் மாலையிலும் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்துப் போனாள். அதைத் துணித்திரியில் நனைத்து வாயில் வைத்தால் பிள்ளை சப்பினாள். பரவாயில்லை, பிழைத்துக்கொள்வாள் என்று லயத்தில் நாலு பேர் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் சுருளியம்மாள் கொழுந்தெடுக்கப் போயாக வேண்டியிருந்தது. ஃபாக்டரி அடுப்பைக் கையாள் செல்லத்துரையிடம் ஒப்படைத்துவிட்டுப் பொன்ராஜ் வீட்டில் தங்கினான். பத்து மணிக்குப் பை ஆறிப்போனது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஆறவிட்டு, கையை விட்டுப் பார்த்தான். அட, இதென்ன பச்சைத்தண்ணி மாதிரி இருக்கிறது! இன்னும் ஒரு செம்பு கொதிநீரைச் சேர்த்தான். மறுபடி கை விட்டான். இப்போதுதான் ஏதோ வெதுவெதுப்பாகத் தெரிந்தது. பையில் ஊற்றினான், காற்றை அமுக்கி எடுத்தான், மூடியை இறுக்கித் தலைகீழாக உலுக்கிப் பார்த்தான். எல்லாம் கம்பவுண்டர் சொன்னபடியே. துணியைச் சுற்றி மேலே கை வைத்தால் சூடே தெரியவில்லை. பிள்ளையின் கால் சில்லென்று இருந்தது. சூடே இல்லாத பைக்கு எதற்கு இரண்டு சுற்று? ஒரு சுற்றைப் பிரித்தான். எதற்கு எட்டி வைப்பது? காலோடு ஒட்டினாற்போல அணைத்து வைத்தான். பிள்ளை அழவில்லை, முனகக்கூட இல்லை. சுகமாகத் தூங்குகிறாள் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான் மடையன்.

மத்தியானச் சோற்றுக்கு வந்த சுருளியம்மாள் துணியை விலக்கினாள்.

“ஆத்தாடி! என்ன பொன்ராசு இது?”

இடது காலில் கெண்டைச் சதையிலிருந்து குதிகால் வரை ரத்தச் சிவப்பு. நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கொப்புளம், பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. சுருளியம்மாள் பையை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். வைத்த வேகத்தில் தூக்கி எறிந்தாள்.

“வெந்நியவா ஊத்துன? புள்ளய அவிச்சு வச்சிருக்கியே, பாவி!”

“இல்லக்கா... சுடலக்கா... கைய விட்டுப் பாத்துட்டுத்தானக்கா ஊத்துனேன். அவ அழவே இல்லியே! ஒரு கொரலு அழுதிருந்தா எடுத்திருப்பேனே!”

சொன்னவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். ஆள் போய், வேதமுத்து மஞ்சள் களிம்போடு ஓடி வந்தார். காலைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“அழ அதுக்குத் தெம்பு இருக்கணும்லா, முட்டாப் பயலே! ஏழு மாசத்துப் பிள்ள, உரிச்ச கோழிக்குஞ்சு மாதிரி கெடக்கு. அது அழுது உனக்குச் சொல்லணுமோ? உனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“கை பொறுத்துச்சுய்யா. மாரியாத்தா மேல சத்தியமாக் கை பொறுத்துச்சு.”

வேதமுத்து அவன் கையை இழுத்துப் பிடித்தார். கீழே கிடந்த பையை, துணியில்லாமல், அந்த உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். அவருக்கே விரல் சுட்டது, உதறிக்கொண்டார்.

“சுடுதாலே?”

“இல்லய்யா. வெதுவெதுன்னு இருக்கு.”

கம்பவுண்டர் அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமெல்லாம் எங்கே போனதோ, குரல் இறங்கிவிட்டது.

“என் புத்தியச் செருப்பால அடிக்கணும். அடுப்புக்காரன்கிட்டப் போயிக் கை பொறுக்குற சூடுன்னு சொல்லியிருக்கேன் பாரு. இனி நீ கையால பாக்காத, பொன்ராஜ். வேற ஆளு யாரையாவது கன்னத்துல வச்சுப் பாக்கச் சொல்லு. ஆனா பை இல்லாம மட்டும் விட்டுறாத. புண்ணு ஆறிரும். குளுந்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது.”

களிம்பைப் போட்டுக் கட்டினார். அப்போதும் பிள்ளை வாயை மட்டும் கோணிக்கொண்டாளே தவிரச் சத்தம் வரவில்லை.

அன்று முழுவதும் சுருளியம்மாள்தான் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் பையை மாற்றிக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் வரை தாங்கும், வந்து மாற்றுகிறேன் என்று கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போனாள். சாந்தம்மாளும் பாலைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குக் கொழுந்து மலையின் அந்தப் பக்கம், இரண்டு மைலுக்கு அப்பால். செவ்வாய்க்கிழமையென்றால் கம்பவுண்டரும் அடுத்த டிவிஷனுக்குப் போய்விடுவார். லயத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. வெளியே வெயில் வராமல் மூடுபனி அப்பிக் கிடந்தது.

பத்தரைக்கெல்லாம் பை ஆறிப்போனது.

பொன்ராஜ் தண்ணீரைக் கொதிக்கவைத்தான், இறக்கினான், ஆறவைத்தான். ஊற்றிக் கன்னத்தில் வைத்தான். சுடுகிற மாதிரியும் இருக்கிறது, சுடாத மாதிரியும் இருக்கிறது. அடுப்பு வாய்க்கு நேரே பதினாறு வருஷம் காட்டின மூஞ்சி அல்லவா, அதை எப்படி நம்புவது? நம்பிக்கையில்லாமல் கொட்டினான். மறுபடி ஊற்றினான். பிள்ளையின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். வைத்ததும் காலிலிருந்த கட்டு கண்ணில் பட்டது. பாம்பைக் கண்டவன் போலப் பையைப் பிடுங்கிக்கொண்டான். இப்படியே வைப்பதும் எடுப்பதுமாக அரை மணி நேரம் போனது. அதற்குள் அந்தத் தண்ணீரும் ஆறிவிட்டது.

பிள்ளையின் வாயைச் சுற்றி நீலம் பாய ஆரம்பித்திருந்தது. நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை. கையால் தொட்டால் அவனுக்கென்ன தெரியும்? உதட்டைப் பாதத்தில் வைத்துப் பார்த்தான். சில்லிட்டிருந்தது. அந்தப் பையனின் பாதமும் அன்றைக்கு இப்படித்தான் இருந்தது.

வாசலுக்கு ஓடினான்.

“யாராச்சும் இருக்கீகளா? ஏ சுருளியக்கா! யாராச்சும் வாங்களேன்!”

பனிக்குள் போன குரல் பனியோடு போயிற்று. லயத்துக் கடைசியில் ஒரு நாய் குரைத்தது, அவ்வளவுதான். சூடு வைத்தால் வேகிறாள், வைக்காவிட்டால் விறைக்கிறாள். என்ன செய்வான் மனுஷன்? “அட தெய்வமே, இந்தக் கைய வெட்டி எடுத்துக்க, எம்புள்ளய விட்டுரு,” என்று வாய்விட்டுக் கதறிக்கொண்டே திரும்பி வந்தான். அடுப்பு அணைகிற நிலையில் இருந்தது. குனிந்து ஊதி எரியவிட்டான். தண்ணீர் கொதித்தது. இந்தத் தடவை ஆறவைக்கப் பொறுமையில்லை. ஒரு செம்பு பச்சைத்தண்ணீரை விளாவிப் பையில் ஊற்றி மூடினான். துணியைத் தேட இரண்டு கையும் வேண்டியிருந்தது. பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கொடியில் எட்டித் துணியை இழுத்தான்.

சுரீர் என்றது வயிறு. “யம்மா!” என்று துள்ளிப் பையைக் கீழே போட்டான்.

சட்டையைத் தூக்கிப் பார்த்தால் தொப்புளுக்குப் பக்கத்தில் செக்கச்செவேலென்று ஒரு தடிப்பு. பொன்ராஜ் அதையே வெறித்துப் பார்த்தான். ஃபாக்டரியில் அடுப்பு முன்னால் நிற்கும்போது மாரிலிருந்து இடுப்பு வரை நனைந்த சாக்கைக் கட்டிக்கொள்வது வழக்கம். பதினாறு வருஷத்தில் நெருப்பு அவன் வயிற்றையும் மாரையும் மட்டும் தொட்டதில்லை. உடம்பில் அந்த இடத்துத் தோல் ஒன்றுதான் மனுஷத் தோலாக மிச்சமிருந்தது. பைத்தியம் பிடித்தவன் மாதிரி அவனுக்குச் சிரிப்பு வந்தது. எரிச்சல் இருக்கிறதே, அந்த எரிச்சல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் மளமளவென்று காரியம் நடந்தது. பாதியைக் கொட்டிப் பச்சைத்தண்ணீர் சேர்த்து, வயிற்றில் வைத்துப் பார்த்தான். சுட்டது. இன்னும் கொஞ்சம் சேர்த்தான். இதமாக வந்தது. துணியை இரண்டு சுற்று சுற்றினான். திரும்பிப் பிள்ளையைப் பார்த்தால் உதடு நன்றாகவே நீலம் பூத்திருக்கிறது. பை சூடு பரவுகிற வரைக்கும் இவள் தாங்க வேண்டுமே! யோசிக்க அவன் நிற்கவில்லை. சட்டையைக் கழற்றினான். சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் பிள்ளையை அப்படியே வெறும் மாரில் ஒட்டவைத்துக்கொண்டான். பனிக்கட்டியைக் கட்டிக்கொண்டது போல உடம்பு உதறிற்று. பூமாரியின் சேலையால் தன்னையும் அவளையும் சேர்த்து வரிந்து கட்டி, மேலே கம்பளியைப் போர்த்தி, கம்பளிக்கு வெளியே ஒரு பக்கமாகப் பையை வைத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“மூச்சு விடுத்தா. விடு, என் தங்கம். அப்பன் சுட்டது தப்புத்தான். பெரிய தப்பு. வளந்து வந்து என்னைய நாலு சாத்து சாத்து. இப்ப மூச்ச விடு.”

எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. விலா எலும்பில் ஏதோ ஊர்ந்தது. பிள்ளையின் கால், கட்டுப்போட்ட கால், ஒரு உதை உதைத்தது.

மத்தியானம் வந்த சுருளியம்மாள் கம்பளியை விலக்கி எட்டிப் பார்த்தாள். பிள்ளையின் முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

“அடியே சாந்தம்மா, இங்க வந்து பாரு! பொன்ராசு புள்ளத்தாச்சியாயிட்டான். பத்தியச் சோறு பொங்கிப் போடணும்டி!”

நாலாம் நாளும் அவன் பிள்ளையை மாரிலிருந்து இறக்கவில்லை. உட்கார்ந்தபடியே கண்ணயர்வான், பை ஆறினால் மட்டும் விழித்துக்கொள்வான். ஒவ்வொரு தடவையும் முதலில் தன் வயிறு, அப்புறம் துணி, அப்புறம்தான் பிள்ளையின் பக்கம். செல்லத்துரை ஃபாக்டரியிலிருந்து வந்து வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

“அண்ணே, எனக்கு அடுப்பு வசமாகலண்ணே. தூளு பூராம் பொக நாத்தம். டீமேக்கரு அய்யா சாமியாடுறாரு. இன்னைக்கு நீங்க வரலன்னா பேர வெட்டிருவாராம்.”

“வெட்டட்டும். கையெழுத்து வேணும்னா இங்க வந்து வாங்கிக்கிறச் சொல்லு.”

“பெரிய எடத்துப் பொல்லாப்புண்ணே...”

“போடா. புள்ள தூங்குது, சத்தம் போடாத.”

அன்று மாலை பிள்ளை துணித்திரியை இழுத்துச் சப்பினாள். வேதமுத்து வந்து கால் புண்ணைப் பிரித்துப் பார்த்தார், காய்ந்துகொண்டு வந்தது. முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு தெளிச்சி. “தேறிட்டாலே. இனிமே பயமில்ல,” என்றார். பொன்ராஜுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பூமாரி வந்து துணியை விலக்கியதும் அந்தச் சூட்டுப் புண்ணைத்தானே முதலில் பார்ப்பாள்! நான்தான் சுட்டேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். திட்டட்டும், அடிக்கட்டும், ஒரு மாதம் பேசாமல் இருக்கட்டும். சொல்ல வேண்டியதை மனசுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

ஐந்தாம் நாள் மூன்று மணி வாக்கில் ஜீப் சத்தம் கேட்டது. பொன்ராஜ் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மாரில் பிள்ளையோடு வாசலுக்கு வந்தான். கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பிய பெண்கள் கூடையோடு வழியில் நின்றார்கள். ஜீப் லயத்து முன்னால் வந்து நின்றது. பரீது உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் இறங்கி, தலையில் கட்டியிருந்த மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

“பூமாரி எங்க பரீது? நடக்க முடியலயா? நான் வந்து தூக்கட்டுமா?”

“அண்ணே...”

“சொல்லு.”

“மூணு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்கண்ணே. நின்ன ரத்தம் நேத்து மறுபடியும் போச்சு. முடியலண்ணே. பின்னாடி... கொண்டு வந்திருக்கேன்.”

சுருளியம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஜீப்பின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தவள், “என்னப் பெத்த தாயே!” என்று அலறி மாரில் ஓங்கி அறைந்துகொண்டு மண்ணில் விழுந்தாள். சாந்தம்மாள் விழுந்தாள். ஒருத்தி மாற்றி ஒருத்தியாக லயமே மாரடித்துக்கொண்டு ஓலமிட்டது.

பொன்ராஜின் இரண்டு கையும் மேலே போயின. கம்பளி தோளிலிருந்து நழுவி விழுந்தது. விரல்கள் விரிந்து, மாரில் அறைய, முழு வேகத்தோடு இறங்கின.

மாரில் பிள்ளை இருந்தாள். சேலைக்கட்டுக்குள் வாயைப் பிளந்துகொண்டு அயர்ந்து தூங்கினாள்.

கைகள் பாதியில் நின்றுவிட்டன. அறைய இடமில்லை. தலையில் அடித்துக்கொள்ளவும் முடியாது, அதிரும். கதற வாயைத் திறந்தான். நெஞ்சு விம்மியதில் பிள்ளையின் தலை ஆடியது. வாயை மூடிக்கொண்டான். உள்ளே எழுந்ததை அப்படியே விழுங்கினான். உடம்பு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கத்தை அடக்கச் சுவரோடு முதுகைக் கொடுத்து நின்றான். கண்ணிலிருந்து வழிந்தது பிள்ளையின் மேல் விழப்போனபோது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

பரீது ஓடி வந்து கீழே கிடந்த கம்பளியை எடுத்து அவன் மேல் போர்த்தினான். மலையிலிருந்து காற்று இறங்க ஆரம்பித்திருந்தது.

“சுருளியக்கா,” என்று கூப்பிட்டான் பொன்ராஜ். ஓலத்தில் யாருக்கும் கேட்கவில்லை. குரலை உயர்த்தாமல் மறுபடியும் கூப்பிட்டான். “யக்கா, எந்திரிங்க. பை ஆறிப்போச்சு. கொஞ்சம் தண்ணி வையுங்க.”